கொழும்பில் ஓட்ஸ் தவிடு: எதை வாங்குவது, எங்கே வைப்பது

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் கொலஸ்திரோல் கூடியிருப்பதைக் கண்டதும், காலையில் பாணைக் குறைத்து ஓட்ஸ் சாப்பிடும்படி வைத்தியர் சொல்வது கொழும்பில் வழக்கமாகிவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு சுப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறவர், தட்டை ஓட்ஸ், உடனடி ஓட்ஸ், ஓட்ஸ் தவிடு, பக்கத்திலேயே கோதுமைத் தவிடு என்று ஒரே தட்டில் பலவற்றைக் காண்கிறார். எல்லாப் பொதிகளின் முகப்பிலும் நார்ச்சத்து என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கிறது. விலைகள் மட்டும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன. எதை எடுப்பது, எந்தப் பொதியை எடுப்பது, வீட்டில் எங்கே வைப்பது என்ற மூன்று கேள்விகளும் தனித்தனியானவை போலத் தோன்றினாலும், இந்த நகரத்தின் வெக்கையிலும் ஈரத்திலும் அவை ஒரே கேள்வியில் போய் முடிகின்றன. வாங்கியதை எத்தனை நாளில் சாப்பிட்டு முடிப்பீர்கள் என்பதே அது.

பொதிக்குள் இருப்பது என்ன

ஓட்ஸ் குளிர்ந்த நாடுகளின் பயிர். இலங்கையில் அது விளைவதில்லை. கடையில் நாம் காண்பது முழுவதும் கடல் கடந்து வந்தது. உமி நீக்கிய ஓட்ஸ் மணியில் கோதுமையிலும் அரிசியிலும் உள்ளதைவிடக் கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் லைப்பேஸ் என்ற நொதியமும் மணியின் வெளிப்பகுதியில் நிறைய உண்டு. மணி முழுதாக இருக்கும்வரை இவ்விரண்டுக்கும் இடையே பெரிய தொடர்பு இல்லை. அரைபட்டவுடன் இரண்டும் கலந்து, கொழுப்பிலிருந்து கசப்பான கொழுப்பமிலங்கள் பிரியத் தொடங்கிவிடும். ஆகவேதான் ஆலைகளில் மணியை முதலில் நீராவியில் அவித்து, உலர் சூட்டில் வாட்டி, நொதியத்தைச் செயலிழக்கச் செய்த பிறகே தட்டையாக்குவதும் அரைப்பதும் நடக்கின்றன. நல்ல ஓட்ஸுக்கென்று இருக்கும் அந்த மெல்லிய வறுவல் மணமும் இந்த வாட்டலில் வருவதுதான்.

கோதுமையின் தவிடு மாவிலிருந்து ஏறக்குறைய முழுமையாகப் பிரிந்துவிடும். ஓட்ஸ் மணி மென்மையானது, எண்ணெய்ப் பசை உள்ளது. அதன் தவிடு அப்படிச் சுத்தமாகக் கழன்று வராது. மணியை அரைத்துச் சலிக்கும்போது சல்லடையில் தங்கும் பருமனான பகுதியே ஓட்ஸ் தவிடு என்று விற்கப்படுகிறது. எனவே அதில் மாவுப்பகுதியும் கணிசமாக ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பது ஆலைக்கு ஆலை மாறும். இந்தத் தெளிவின்மையைப் போக்க அமெரிக்கத் தானிய இரசாயனவியலாளர் சங்கம் 1989இல் ஒரு வரைவிலக்கணம் தந்தது. அதன்படி, எடுத்துக்கொண்ட ஓட்ஸில் பாதிக்கு மேல் தவிடு என்று கணக்கில் வரக்கூடாது. உலர் எடையில் நார்ச்சத்து குறைந்தது 16 சதவீதமும், பீற்றா-குளுக்கன் என்ற கரையும் நார் குறைந்தது 5.5 சதவீதமும் இருக்கவேண்டும்; மொத்த நார்ச்சத்தில் மூன்றில் ஒரு பங்காவது கரையக்கூடியதாக இருக்கவேண்டும்.

இந்த எண்கள் ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பொதியின் பின்புறத்தைத் திருப்பி, 100 கிராமுக்கு நார்ச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். 15 முதல் 20 கிராம் வரை இருந்தால் அது ஓட்ஸ் தவிடாக இருக்க வாய்ப்பு மிகுதி. 10 கிராமைச் சுற்றி இருந்தால் சாதாரண ஓட்ஸையே சற்றுப் பருமனாக உடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். 40 கிராமைத் தாண்டினால் அது பெரும்பாலும் கோதுமைத் தவிடு. 80 கிராமுக்கு மேல் போனால் அது ஓட்ஸின் உமியிலிருந்து எடுத்த நார். பேரில் ஓட்ஸ் இருந்தாலும் கொலஸ்திரோலுக்காகத் தேடுகிறவருக்கு அதனால் பயன் இல்லை, ஏனெனில் உமியில் பீற்றா-குளுக்கன் கிடையாது என்றே சொல்லலாம். நார்ச்சத்து கூடக் கூட நல்லது என்று எண்ணி அதிக எண் உள்ள பொதியை எடுப்பவர், தான் தேடிவந்த பொருளையே விட்டுவிட்டுப் போகிறார்.

தவிடா, ஓட்ஸா, வேறொன்றா

பீற்றா-குளுக்கன் தண்ணீருடன் சேர்ந்தால் கொழகொழப்பாகும். சிறுகுடலில் அந்தக் கொழகொழப்பு பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்ற, இழந்ததை ஈடுசெய்ய ஈரல் இரத்தத்திலிருந்து கொலஸ்திரோலை இழுத்துப் புதிய பித்த அமிலம் செய்கிறது. 1980களின் பிற்பகுதியில் இதை வைத்து அமெரிக்காவில் பெரிய மோகமே கிளம்பி, உருளைக்கிழங்கு வறுவலில்கூட ஓட்ஸ் தவிட்டைச் சேர்த்து விற்றார்கள். 1990 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு, நார் குறைந்த கோதுமை உணவைவிட ஓட்ஸ் தவிடு மேலானதல்ல என்று சொன்னதும் அந்த மோகம் சரிந்தது. பின்னர் சேர்ந்த சான்றுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், நாளொன்றுக்கு 3 கிராம் பீற்றா-குளுக்கன் என்ற அளவை வைத்து ஓட்ஸ் இதயநோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று பொதியில் எழுதும் உரிமைகோரலை 1997இல் அனுமதித்தது. ஐரோப்பாவிலும் பின்னர் அதே 3 கிராமே அளவாயிற்று. மோகமும் மறுப்பும் தணிந்த பிறகு எஞ்சியது அடக்கமான ஓர் உண்மை. அந்த அளவில் தொடர்ந்து சாப்பிட்டால் கெட்ட கொலஸ்திரோல் சராசரியாக டெசிலீற்றருக்குப் பத்து மில்லிகிராம் அளவில் குறையும். வைத்தியர் எழுதித் தந்த குளிசையை நிறுத்திவிட்டுத் தவிட்டை நம்புவதற்கு இது போதாது. குளிசையோடு சேர்த்துச் செய்வதற்குத் தாராளமாகப் போதும்.

இந்த 3 கிராமை வைத்தே ஒப்பிடவேண்டும். சாதாரணத் தட்டை ஓட்ஸில் பீற்றா-குளுக்கன் ஏறத்தாழ 4 சதவீதம். எனவே 3 கிராமுக்கு 75 கிராம் ஓட்ஸ் தேவை. நல்ல ஓட்ஸ் தவிட்டில் 7 சதவீதம் இருக்கலாம். அதே 3 கிராமுக்கு 43 கிராம் போதும். வரைவிலக்கணத்தின் கீழெல்லையான 5.5 சதவீதத்தை எடுத்தால் 55 கிராம் ஆகும். இதிலிருந்து விலைக்கும் ஒரு கணக்கு வருகிறது. ஒரு கிலோ தவிட்டின் விலை, ஒரு கிலோ ஓட்ஸின் விலையைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் போனால், காசைப் பொறுத்தவரை ஓட்ஸே மலிவு. தவிடு ஆலையின் துணைப்பொருள்தானே, மலிவாகத்தானே இருக்கவேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. குறைவாக விற்பனையாகும் இறக்குமதிப் பொருள் எதுவும் கொழும்பில் அப்படி மலிவாகக் கிடைப்பதில்லை. விலைச்சீட்டைப் பார்த்துக் கைப்பேசியில் ஒரு தடவை வகுத்துப் பாருங்கள். பல நேரங்களில் பதில் ஓட்ஸின் பக்கமே இருக்கும்.

தவிட்டுக்குச் சாதகமான இடம் வேறு. 75 கிராம் ஓட்ஸைக் காய்ச்சினால் அது ஒரு பெரிய கோப்பை. வயதானவர்களும் சிறிதாகச் சாப்பிடுகிறவர்களும் அதை நாள்தோறும் முடிப்பது கடினம். 43 கிராம் தவிடு ஒரு சிறு கிண்ணத்தில் அடங்கும். மாச்சத்தை அளந்து சாப்பிடும் நீரிழிவுக்காரருக்கு இது சிறு வேறுபாடு அல்ல. புரதமும் தவிட்டில் கூட. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணையில் 100 கிராமுக்குத் தவிட்டில் 17 கிராமும், ஓட்ஸில் 13 கிராமும் இருக்கின்றன. கலோரிக் கணக்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். அதே அட்டவணை 100 கிராம் தவிட்டுக்கு 246 கலோரி என்கிறது. சில பொதிகளிலோ 350க்கு மேல் அச்சிட்டிருப்பார்கள். நார்ச்சத்தின் கலோரியைக் கணக்கிடும் முறை வேறுபடுவதால் வருவது இது. எந்தப் பொதியையும் இதை வைத்துத் தள்ளவேண்டியதில்லை.

கோதுமைத் தவிட்டின் வேலை முற்றிலும் வேறு. அதில் 100 கிராமுக்கு 43 கிராம் அளவில் நார் இருந்தாலும் ஏறத்தாழ எல்லாமே கரையாத நார். மலச்சிக்கலுக்கு அதைவிட நல்ல, மலிவான பொருள் குறைவு, கொலஸ்திரோலை அது தொடாது. கோதுமை இங்கேயே, திருகோணமலையிலும் கொழும்பிலும், அரைபடுவதால் புதிதாகக் கிடைக்கும் வாய்ப்பும் அதற்கு உண்டு. அரிசித் தவிட்டை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதில் ஐந்திலொரு பங்கு கொழுப்பு. சூடேற்றிப் பக்குவப்படுத்தாத தவிடு, ஆலையிலிருந்து வெளிவந்த சில மணித்தியாலங்களிலேயே கெடத் தொடங்கும். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆசனிக் என்ற நஞ்சும் மணியின் தவிட்டுப் பகுதியிலேயே அதிகம் தங்குகிறது. அரிசித் தவிட்டின் நன்மை வேண்டும் என்பவர் தவிடு போகாத சிவப்புப் பச்சையரிசிச் சோற்றைச் சாப்பிட்டாலே போதும்.

எந்தப் பொதி

கொழும்பில் ஓட்ஸ் தவிடு மூன்று உருவங்களில் கைக்கு வருகிறது. வெளிநாட்டு ஆலையிலேயே அடைத்து முத்திரையிட்ட பொதி ஒன்று. பெரிய சாக்குகளில் இறக்கி, இங்கே சிறு பொலித்தீன் பைகளில் அடைத்து ஒட்டுச்சீட்டுடன் விற்பது இன்னொன்று. மூன்றாவது, ஆரோக்கிய உணவுக் கடைகளிலும் மொத்தக் கடைகளிலும் கண்ணாடிப் பாத்திரத்திலிருந்தோ சாக்கிலிருந்தோ அள்ளி நிறுத்துத் தருவது.

மூன்றாவதை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் அரிசியையும் பருப்பையும் கையில் அள்ளிப் பார்த்து வாங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது; முழுத் தானியத்தின் தரத்தைக் கண் சொல்லிவிடும். தவிட்டின் தரத்தைக் கண் சொல்லாது. திறந்த பாத்திரத்தில் அது எத்தனை நாளாக இருக்கிறது, புதியதைப் பழையதன் மேல் கொட்டினார்களா, பக்கத்துச் சாக்கின் கோதுமை மா அதில் எவ்வளவு விழுந்தது என்பதற்கெல்லாம் விடை கிடையாது. கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாதவருக்கு இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. ஓட்ஸ் இயல்பில் கோதுமைக் குளூட்டன் அற்றதாயினும், வயலிலும் ஆலையிலும் கோதுமையும் பார்லியும் அதில் கலந்துவிடும். சீலியக் நோய் உள்ளவர்கள் குளூட்டன் அற்றது எனச் சோதித்துச் சான்றளித்த பொதியைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது. அதையும் தமது வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையில்தான் உண்மையான தெரிவு இருக்கிறது. இங்கே அடைத்த பொதி விலை குறைவு, சிறிய அளவில் கிடைக்கும் என்பதால் எடுத்த எடுப்பில் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அதன் ஒட்டுச்சீட்டில் பொதி செய்த திகதி இருக்கிறதா, உற்பத்தி செய்த திகதி இருக்கிறதா என்று பாருங்கள். சாக்கு கப்பலில் வந்து, களஞ்சியத்தில் கிடந்து, பிறகு பைக்குள் போன நாளைப் பிறந்தநாளாக எழுதினால் காலாவதித் திகதியும் அதற்கேற்பத் தள்ளிப் போயிருக்கும். இரண்டு திகதிகளும் தொகுதி இலக்கமும் இறக்குமதியாளரின் பெயர் முகவரியும் தெளிவாக உள்ள பொதியானால், எந்த உருவத்தில் இருந்தாலும் பரிசீலிக்கலாம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஒட்டுச்சீட்டுகள் இருந்தால் மேலே உள்ளது எதை மறைக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் அதற்காகவே இருக்கிறது.

காலாவதி நெருங்கிய பொருள்களைச் சுப்பர் மார்க்கெட்டுகளில் கழிவு விலையில் ஒரு மூலையில் வைப்பார்கள். தட்டை ஓட்ஸை அங்கே தாராளமாக எடுக்கலாம். தவிட்டை எடுக்கவேண்டாம். நன்றாக அவித்து வாட்டிய தவிடும்கூட, நொதியம் இறந்துவிட்டாலும், காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து மெல்ல மெல்லக் காறல் அடிக்கத் தொடங்குகிறது; பொடியாக இருப்பதால் அதன் கொழுப்பு முழுவதும் காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. ஐரோப்பியக் களஞ்சியமொன்றில் 15 பாகை செல்சியஸில் இருப்பதை எண்ணித் தீர்மானித்த காலாவதித் திகதி, கொழும்புத் துறைமுகத்தில் இரும்புக் கொள்கலனுக்குள் வெயில் காய்ந்த பொருளுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் நம்புவதில்லை. காலாவதிக்கு இன்னும் பாதிக் காலமாவது எஞ்சியிருக்கவேண்டும் என்பது என் அளவுகோல்.

பொதியைக் கையில் எடுத்ததும் இரண்டு மூலைகளையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற மெல்லிய இழையில் தவிட்டுத் துகள்கள் கோத்துத் தொங்கினால் உள்ளே அந்துப் பூச்சியின் புழு இருக்கிறது அல்லது இருந்துவிட்டுப் போயிருக்கிறது. மா வண்டு நூல் விடாது; பையின் அடியில் செம்பழுப்பாக, எள்ளளவில் நகரும். கட்டியாகத் திரண்டு, அழுத்தினால் உடனே உதிராத தவிடு ஈரம் குடித்தது. கண்ணாடி முகப்புக்கு அருகே பிற்பகல் வெயில் விழும் தட்டில் அடுக்கியிருந்தால், முன்வரிசையை விட்டுப் பின்னாலிருந்து எடுங்கள். காலி வீதியில் மேற்குப் பார்த்த கடைகளில் இது அலட்சியப்படுத்தக்கூடிய விடயமல்ல.

வீட்டில் திறந்து பார்க்கும்போது

நல்ல ஓட்ஸ் தவிடு இளம் மண்ணிறமும் பாலாடை நிறமும் கலந்த சிறு துகள்களாக இருக்கும். விரல்களுக்கிடையில் தேய்த்தால் சிறிது மா ஒட்டும். கோதுமைத் தவிடு அப்படியல்ல, அகன்ற செம்மண்ணிறச் செதில்களாகச் சரசரக்கும். ஐயமிருந்தால் ஒரு மேசைக்கரண்டித் தவிட்டை அரைக் கோப்பைத் தண்ணீரில் இட்டு மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துப் பாருங்கள். ஓட்ஸ் தவிடானால் தண்ணீரே தடித்து, கரண்டியைத் தூக்கும்போது வழுக்கிக்கொண்டு இழையாக விழும். தண்ணீர் தண்ணீராகவே நின்று செதில்கள் அடியில் தங்கினால், பையில் எழுதியிருப்பது எதுவாயினும் உள்ளே இருப்பது பெரும்பாலும் கோதுமைத் தவிடு.

பழுதானதை மூக்கு கண்டுபிடிக்கும், ஆனால் உலர்ந்த பொடியில் அதற்குச் சிரமம். ஒரு கரண்டித் தவிட்டைக் கோப்பையில் இட்டு, சுடுநீர் ஊற்றி, ஒரு தட்டால் மூடி ஒரு நிமிடம் விட்டுத் திறந்தவுடன் முகருங்கள். புதியது வறுத்த பயறைப் போன்ற மெல்லிய மணத்துடன் எழும். கெட்டதில் பழைய எண்ணெய், வர்ணப்பூச்சு, கண்ணாடி பொருத்தும் புட்டிப் பசை ஆகியவற்றின் வாடை அடிக்கும். பிறகு சிறிது வாயில் இட்டு மெல்லுங்கள். விழுங்கிய பின் நாக்கின் அடியில் கசப்பும் சவர்க்காரச் சுவையும் தங்கினால், கொழுப்பு சிதைந்து கொழுப்பமிலங்கள் பிரிந்திருக்கின்றன. வாடை இன்னும் வராவிட்டாலும் அந்தப் பொதியின் ஆயுள் முடிந்துவிட்டது. சீனியும் பாலும் ஊற்றி அதை மறைத்துச் சாப்பிட வேண்டியதில்லை, பற்றுச்சீட்டுடன் திருப்பிக் கொடுங்கள். அதற்காகவே பொதியை வாங்கிய அன்றே திறந்து பார்க்கச் சொல்கிறேன். மூன்று வாரம் கழித்துத் திறந்து, காறல் அடிக்கிறது என்று கடைக்காரரிடம் வாதாடுவதில் இரு பக்கத்துக்கும் நியாயம் கிடைக்காது.

தட்டிலா, குளிர்சாதனப் பெட்டியிலா, பிரீசரிலா

கொழும்பில் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 30 பாகையை ஒட்டியே நிற்கிறது. சாரீரப்பதன் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், உப்புப் போத்தலில் உப்பே கசியும் நாள்களில், திறந்த தவிட்டுப் பை ஓரிரு நாளிலேயே மென்மையாகிவிடும். வெப்பம் ஒட்சியேற்றத்தை விரைவுபடுத்துகிறது, ஈரம் பூஞ்சணத்துக்கும் கட்டியாவதற்கும் வழி செய்கிறது, இரண்டும் சேர்ந்து வண்டுக்கு உகந்த இடமாகின்றன. எந்த இடத்தில் வைப்பது என்ற கேள்வி இம்மூன்றில் எதை எவ்வளவு தடுக்கிறோம் என்பதே.

தட்டில் வைப்பதானால் இறுக மூடும் கண்ணாடிப் போத்தலோ ரப்பர் வளையம் உள்ள பாத்திரமோ வேண்டும். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் பயன்படும் பழைய பால்மாப் பேணியின் மூடி காற்றையும் மா வண்டையும் முழுமையாகத் தடுப்பதில்லை. பொலித்தீன் பையை இறப்பர் பட்டியால் கட்டிவைப்பது இன்னும் மோசம்; சில பூச்சிகளின் புழுக்கள் மெல்லிய பொலித்தீனைத் துளைத்துக்கொண்டே உள்ளே போகும். காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போட்டுவைக்கும் வழக்கம் பூச்சியைச் சற்று விலக்கக்கூடும், காறலை அது தடுக்காது. நல்ல பாத்திரத்தில், அடுப்பிலிருந்து தள்ளி வைத்தாலும், திறந்த தவிட்டுக்குத் தட்டில் ஒரு மாதத்துக்கு மேல் நான் கொடுக்கமாட்டேன்.

குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டு மூன்று மாதம் தாங்கும். அங்கே வரும் தொல்லை வேறு. தவிட்டின் கொழுப்பு வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மீன் குழம்பும் மாசிச் சம்பலும் இருக்கும் பெட்டியில் சரியாக மூடாத தவிடு ஒரு வாரத்தில் அவற்றின் மணத்தோடு வெளியே வரும். காலைக் கஞ்சியில் மாசி மணத்தை விரும்புகிறவர் குறைவு.

பிரீசர், அதாவது மைனஸ் 18 பாகை, ஆறு மாதத்துக்கு மேலும் தாங்கும். பூச்சிக்கும் அதுவே முடிவு. பொதியை வாங்கிய உடனே நான்கு நாள் பிரீசரில் வைத்து எடுத்தால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் முட்டைகளும் புழுக்களும் செத்துவிடும். இதை எந்த முறையில் சேமிக்கிறவரும் செய்யலாம். ஆனால் பிரீசரில் வைப்பவர்கள் கவனிக்காத ஒன்று, கெடுதலை வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிவிடுகிறது. குளிர்ந்த போத்தலைச் சமையலறை மேசையில் வைத்தவுடன் அதன் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடியைத் திறந்தால் அதே நீர்த்துளி உள்ளேயும், குளிர்ந்த தவிட்டின் மேலும் படியும். நாள்தோறும் திறந்து, கரண்டியால் அள்ளி, மூடித் திரும்ப வைத்தால் பிரீசரே தவிட்டை நனைக்கும் கருவியாகிவிடும். இதற்கு வழி எளிது. வாங்கிய அன்றே தவிட்டை ஒரு வாரத்துக்குப் போதுமான சிறு பைகளாகப் பிரித்துக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டிவிடுங்கள். ஒரு பையை முதல் நாள் இரவே வெளியே எடுத்து, அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காமல் விட்டு, மறுநாள் காலையில் சிறு போத்தலில் கொட்டி வைத்துக்கொண்டால் அந்த வாரம் முழுவதும் தட்டிலிருந்தே எடுக்கலாம்.

மின்வெட்டை நினைத்துப் பிரீசரை நம்பத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தவர்களிடம் அந்தத் தயக்கத்தை எளிதில் போக்கமுடியாது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்டு நாடே இருண்டதும் மறக்கக்கூடியதல்ல. ஆயினும் தவிடு மீனும் இறைச்சியும் அல்ல. உலர்ந்த பொருள், மூடிய பையில் சில மணித்தியாலம் வெப்பமடைந்து மறுபடி குளிர்ந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. பையைத் திறக்காமல் இருப்பது மட்டுமே நம் பொறுப்பு.

யாருக்கு எது

இங்கேதான் தொடக்கத்தில் கேட்ட கேள்வி வேலை செய்கிறது. நாள்தோறும் 40 கிராம் அளவில் சாப்பிடுகிற ஒருவர் 500 கிராம் பொதியைப் பன்னிரண்டு நாளில் முடித்துவிடுவார். அவருக்குப் பிரீசர் தேவையே இல்லை. நல்ல போத்தலும் நிழலான தட்டும் போதும், பெரிய பொதியை மலிவாக வாங்குவதிலும் நட்டமில்லை. கணவன் மனைவி இருவரும் சாப்பிட்டால் ஒரு கிலோவும் இரண்டு வாரம் தாங்காது. இப்படிச் சாப்பிடப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் வாரம் 15 கிராமில் தொடங்கி, கூடவே தண்ணீரையும் கூட்டிக்கொண்டு ஏறவேண்டும். ஒரேயடியாக ஏறினால் வயிறு ஊதி, மூன்றாம் நாளே பொதியை மூடிவைத்துவிடுவார்கள். தைரொயிட்டுக்கு லெவோதைரொக்சின் குளிசை போடுகிறவர்கள் அதையும் தவிட்டுக் கஞ்சியையும் சேர்த்து எடுக்கவேண்டாம், நார் மருந்தைக் குறைவாகவே உள்ளே விடும். எவ்வளவு இடைவெளி என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு கரண்டித் தவிட்டைப் பிட்டு மாவிலோ குரக்கன் ரொட்டியிலோ இலைக்கஞ்சியிலோ தூவிச் சாப்பிடுகிறவரின் நிலை வேறு. ஒரு மேசைக்கரண்டி ஆறு கிராம்தான். 500 கிராம் பொதி அவருக்கு எண்பது நாளுக்கு மேல் வரும். அதற்குள் தட்டில் வைத்த தவிடு காறிவிடும். அதுமட்டுமன்றி ஆறு கிராமில் வரும் பீற்றா-குளுக்கன் 0.4 கிராம்தான், 3 கிராமில் ஏழில் ஒரு பங்குகூட ஆகாது. மிகக் குறைந்த பயனைப் பெற்றுக்கொண்டு மிக நீண்ட காலம் சேமிக்கும் இந்த வழியே கொழும்பு வீடுகளில் அதிகம் காணப்படுவது. அளவைக் கூட்டுங்கள், அல்லது பிரீசரில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் முடியாதென்றால் தவிட்டை விட்டுவிடுங்கள். பாணில் சேர்த்துச் சுடுவதையும் நான் பெரிதாக எண்ணவில்லை. கோதுமை மாவிலுள்ள நொதியங்கள் பிசைந்து புளிக்கும் நேரத்தில் பீற்றா-குளுக்கனைச் சிறு துண்டுகளாக வெட்டிவிடுகின்றன, கொழகொழப்புக் குறைகிறது. கஞ்சியாகக் காய்ச்சுவதே நேர்வழி.

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வாடகை அறைகளில் தங்கி, பகிர்ந்துகொள்ளும் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மூலை மட்டுமே கிடைக்கும் மாணவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் என் விடை தட்டை ஓட்ஸ். உடனடி ஓட்ஸிலும் பெரியதாக, தடித்த தட்டாக இருக்கும் வகையைப் பாருங்கள். தட்டையாக்கிய மணியில் கொழுப்பு காற்றுக்கு அவ்வளவாக வெளிப்படுவதில்லை என்பதால் அது தவிட்டைவிட நீண்ட நாள் நிற்கும். எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். விரைவாக விற்பதால் தட்டில் பழையது தேங்கியிருப்பதும் குறைவு. கிண்ணம் சற்றுப் பெரிதாகும், அவ்வளவே. மலச்சிக்கல் மட்டுமே பிரச்சினையானால் ஓட்ஸையும் தவிட்டையும் இரண்டையும் விட்டுக் கோதுமைத் தவிட்டை எடுங்கள். குளிர்சாதனப் பெட்டியும் பொறுமையும் அளந்து சாப்பிடும் பழக்கமும் உள்ள நீரிழிவுக்காரரின் வீட்டில் ஓட்ஸ் தவிடு தன் விலைக்கு நிற்கும். அங்கேயும் முதலில் வாங்குவது கடையில் உள்ள மிகச் சிறிய பொதியாகவே இருக்கட்டும், அது தீர்ந்த திகதியைப் பார்த்து அடுத்த பொதியின் அளவைத் தீர்மானித்துக்கொள்ளலாம்.